மாணவரும் தன்விவரக் காப்பும்

அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு தேவையென வகுத்துள்ளது. ஏட்டளவில் இது நன்றே. ஆயின் பல இல்லங்களில் பெற்றோருக்காகக் கைப்பேசியில் படிவம் நிரப்புவோரும், வந்த ரகசிய எண்ணைப் படித்துச் சொல்வோரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே. இசைவு பெற்றோருடையது, அதனைப் பதிவு செய்யும் விரல் பிள்ளையுடையது. எனவே இப்பாடம் பள்ளியிலேயே தொடங்கப்பெறுதல் வேண்டும். சட்டப் பிரிவுகளை ஒப்புவிக்கச் செய்வதால் பயனில்லை. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை வகுப்பில் வைத்து, வங்கிக் கணக்கு எண் எதற்கு, வருமானச் சான்று எதற்கு எனக் கட்டந்தோறும் வினவச் செய்யலாம். அவ்விரண்டிற்கும் விடை கிடைக்கும். விளையாட்டுச் செயலியொன்று வீட்டாரின் தொலைபேசி எண்களையெல்லாம் கேட்பதற்கு விடை கிடைக்காது.