சராசரி வேறுபட்டால் போதுமா?

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் ஒப்பீடுகளும் தொடங்கிவிடும். அந்தப் பாடசாலையின் சராசரி 58, இந்தப் பாடசாலையின் சராசரி 52, ஆகவே இது பின்தங்கிவிட்டது என்பார்கள். போரால் பாதிக்கப்பட்ட எமது மக்களைப் பற்றிய அறிக்கைகளிலும் இதே வகை ஒப்பீடுகள் வருகின்றன. இரண்டு சராசரிகளை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்கலாமா?

முடியாது. எந்த இரண்டு வகுப்புகளை எடுத்தாலும் சராசரிகள் சரிசமமாக இருப்பது அரிது. ஒரு பிள்ளை காய்ச்சலோடு எழுதியிருக்கலாம். இன்னொரு பிள்ளைக்குப் படித்த கேள்வியே வந்திருக்கலாம். இப்படித் தற்செயலாக வரக்கூடிய வேறுபாடுதானா என்று சோதிக்கும் முறையே ரி-சோதனை. டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி கொசெற் 1908 இல் இதற்கு அடித்தளமிட்டார். 'மாணவன்' எனப் பொருள்படும் 'ஸ்ருடென்ற்' என்ற புனைபெயரில் அவர் அதை வெளியிட்டார். மிகச் சிறிய மாதிரிகளிலிருந்து முடிவெடுப்பதே அவர் எதிர்கொண்ட சிக்கல்.

இச்சோதனை மூன்று விடயங்களைப் பார்க்கிறது: சராசரிகளின் வேறுபாடு எவ்வளவு, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன, எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு பாடசாலைகளிலும் தலா 10 மாணவர்கள். சராசரி வேறுபாடு 6 புள்ளிகள். இரண்டிலும் நியம விலகல் 15. இந்த நிலையில் சராசரி வேறுபாட்டின் நியம வழு ஏறத்தாழ 6.7 ஆகும். 6 ஐ 6.7 ஆல் வகுத்தால் 0.9. இத்தனை பேருக்கு வழமையான எல்லை 2.1. அதைத் தாண்டாததால், ஒரு பாடசாலை பின்தங்கியது என்று சொல்ல இந்தப் புள்ளிகள் போதாது. இரண்டும் சமம் என்று இது நிரூபிக்கவும் இல்லை.

அதே 6 புள்ளி வேறுபாடு, தலா 100 மாணவர்களிடம் கிடைத்தால் நியம வழு 2.1 ஆகக் குறையும், விடை 2.8 ஆக உயரும். இப்போது எல்லை ஏறத்தாழ 2. அதைத் தாண்டிவிட்டது. அதாவது, உண்மையில் வேறுபாடே இல்லையென்றால், தற்செயலாக இவ்வளவு பெரிய இடைவெளி வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலும் குறைவு.

ஆனால் சோதனை இதற்கு மேல் எதையும் சொல்லாது. வேறுபாடு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. ஆசிரியர் பற்றாக்குறையா, இடம்பெயர்வா, வறுமையா என்பதைக் களத்தில்தான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் தவறினால் என்ன நடக்கும் என்பதை எமது சமூகம் அனுபவத்தில் அறியும். 1971 இல் பொறியியல் கற்கைக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 இற்கு 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 போதுமாக இருந்தது. பின்னர் 1973 இல் வந்த தரப்படுத்தல், இரு மொழி மூலப் புள்ளிகளையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றியது. இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே இருந்த வேறுபாடு, காரணம் ஆராயப்படாமலே கணக்கில் அழிக்கப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் தனித்தனி மாணவர்கள்.

ஆகவே அடுத்த முறை ஓர் அறிக்கை இரண்டு சராசரிகளைக் காட்டும்போது கேளுங்கள்: எத்தனை பேரிடம் எடுத்தது? புள்ளிகளின் பரவல் என்ன? காரணத்தை யார், எப்படி ஆராய்ந்தார்கள்?