முழுப் பயிறின் விலையும் உடைப்பவர் கூலியும்

பண்ருட்டி முந்திரியை எந்தக் கடையில் கேட்டாலும் முழுசா, உடைஞ்சதா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முழுப் பயிறுக்கு ஒரு விலை, பிளந்ததற்கு அதைவிடக் குறைவு, நொறுங்கியதற்கு இன்னும் குறைவு. சத்திலும் ருசியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கொட்டையை உடைத்த கைதான் விலையைப் பிரிக்கிறது. யாரும் செய்துவிடலாம் என்று நாம் கீழாக நினைக்கும் அந்த வேலைதான் சரக்கின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

சந்தையில் டபிள்யூ 320 என்றொரு தரம் உண்டு. ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 300 முதல் 320 முழுப் பயிறுகள் இருக்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 700. கையால் உடைக்கும் இடத்தில் அத்தனை கொட்டையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, உள்ளே அடி படாமல் ஓட்டைப் பிளக்க வேண்டும். ஓட்டிலிருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. தோலில் பட்டால் புண்ணாக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்கள் கறுத்துப்போகும். பிறகு உலர்த்தி, மேல்தோல் உரித்து, நிறமும் அளவும் பார்த்துப் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. கையைப் புண்ணாக்கும் அதே எண்ணெய் பெயின்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் விலைபோகிறது.

ஆள் நிறையக் கிடைப்பதால்தான் கூலி குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கூலி குறைந்ததற்குக் காரணமே தவிர, வேலை மட்டம் என்பதற்குச் சாட்சி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், பண்ருட்டி இருக்கும் கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. புதுக் கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் கிடைத்த கூலிக்குச் சம்மதித்தால், அதில் தெரிவது அவருடைய நெருக்கடி. இயந்திரம் வந்துவிட்டதே என்றும் கேட்கலாம். வியட்நாம் அந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. எண்ணெய் படும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நல்லதே. ஆனால் கொட்டைகள் ஒரே அளவில் விளைவதில்லை. இயந்திரம் சரியாக வெட்டாமல் விட்டவை மறுபடி கைக்குத்தான் வருகின்றன.

நாள் கூலி நிர்ணயித்த தொழிலில், கிலோக் கணக்கில் வேலை வாங்கினாலும் அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே சொன்னது. ஆகவே உடைப்பவருக்கும் உரிப்பவருக்கும் அந்தக் கூலியும் கையுறையும் தோல் மருத்துவமும் கிடைப்பதை முதலாளிகளும் தொழிலாளர் துறையும் உறுதி செய்ய வேண்டும்.