அலுவலகத்தில் ஸ்வெட்டர் பின்னுவது விதிமீறலா? குளிர்காலத் தில்லியின் ஒரு பழைய வழக்கம்

தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நண்பகல் வெயிலுக்காகக் காத்திருப்பது அரசு ஊழியர்களின் நெடுநாள் பழக்கம். கிருஷி பவன், சாஸ்திரி பவன் போன்ற கட்டடங்களிலிருந்து மதிய இடைவேளையில் வெளியே வருவோர், முன்பு ராஜபாதை என்றும் 2022 முதல் கடமைப் பாதை என்றும் அழைக்கப்படும் சாலையோரப் புல்வெளிகளில் வேர்க்கடலை உரித்தபடி வெயில் காய்வர். 1970, 1980-களில் அவர்களுள் பெண்கள் பலரின் மடியில் கம்பளி நூல் உருண்டையும், கைகளில் இரு பின்னல் ஊசிகளும் இருப்பது சாதாரணக் காட்சி. இடைவேளை முடிந்த பின்னரும் சில மேசைகளில் ஊசிகள் ஓயவில்லை என்பதே சர்ச்சைக்கு இடமளித்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் பின்னலைப் பற்றித் தனியே எதுவும் இல்லை. பணியில் ஈடுபாடு வேண்டும் என்கிறது 3-ஆவது விதி. முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்கிறது 15-ஆவது விதி. ஆகவே, இடைவேளையில் தம் குழந்தைக்காகப் பின்னுவது குற்றமன்று. வரிசையில் மக்கள் நிற்க, கோப்பை ஒதுக்கிவிட்டுப் பின்னுவது கடமை தவறுதல். அனுமதியின்றிப் பின்னி விற்பதைத் தொழிலாகக் கொண்டாலோ, அது வேறு விதியின் கீழ் வரும்.

பணியிடத்தின் அமைதியான நேரத்துக்கு இக்கலை பொருந்துவதற்குக் காரணம், அதனை எந்த நொடியிலும் நிறுத்திவிட முடியும் என்பதே. கண்ணிகள் ஊசியிலேயே தங்கிவிடுவதால், பாதி வரிசையில் எழுந்து சென்றாலும் பின்னல் அவிழ்வதில்லை. ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி போன்ற ஒரே சீரான இடங்களைப் பழகிய கை பாராமலே பின்னிவிடும். காது தொலைபேசிக்கும், கண் வாசலுக்கும் மீதமிருக்கும். கழுத்து வளைவும், கையின் மேற்பகுதியும் அவ்வாறல்ல. அங்கு ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகளை எண்ணிக் குறைக்க வேண்டும் என்பதால், அவற்றுக்குத் தடையற்ற நேரம் தேவை. (நெசவு, பின்னல் இரண்டையும் ஹிந்தி 'புனாயி' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழ் அவற்றைப் பிரித்துவிட்டு, பின்னலைக் கூந்தலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது.)

1962-ஆம் ஆண்டு சீனப் போரின்போது, இமயமலை உயரங்களில் போதிய குளிராடையின்றிப் போரிட்ட வீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினர். அன்று அதே ஊசிகள் தேசப்பற்றின் அடையாளமாகப் போற்றப்பட்டன. பிற்காலத்தில் அரசு அலுவலகச் சோம்பலைக் குறிக்க, பின்னல் ஊசியுடன் அமர்ந்திருக்கும் பெண் எழுத்தரின் உருவமே போதும் என்றானது. இது முழுவதும் நியாயமன்று. அதே புல்வெளிகளில் ஆண்கள் கூடிச் சீட்டாடினர். அது இத்தனை ஏளனத்துக்கு உள்ளாகவில்லை. மேலும், சீட்டாட்டம் பொழுதுபோக்கு, ஸ்வெட்டரோ குடும்பத் தேவை. பெரியவருக்கான ஒரு முழுக்கை ஸ்வெட்டருக்குச் சுமார் அரை கிலோ நூலும், பல வார உழைப்பும் வேண்டும். சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும் வீட்டில் அந்த நேரம் கிடைக்காததால்தான், பேருந்துப் பயணத்திலும் உணவு இடைவேளையிலும் அது தேடப்பட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையின் ஒரு பகுதியே அலுவலகம் வரை வந்தது.

லூதியாணா ஆலைகளின் ஆயத்த ஸ்வெட்டர்கள் பெருகியபோது இவ்வழக்கம் தளர்ந்தது. கையால் பின்னியதைவிட அவை மலிவாகவும் கிடைத்தன. மத்திய அரசு அலுவலகங்களில் ஆதார் அடிப்படையிலான வருகைப் பதிவு 2014-இல் வந்தது. ஆனால் ஊசிகள் அதற்கு முன்பே குறைந்துவிட்டன. இடைவேளையில் இப்போது கைகளில் இருப்பது பெரும்பாலும் கைப்பேசியே. ஆலை ஸ்வெட்டரில் ஒரு குறை உண்டு: குழந்தை வளர்ந்ததும் அதனை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கையால் பின்னியதை அவிழ்த்து, நூலை ஆவியில் காட்டி நிமிர்த்தி, மறு ஆண்டு பெரிய அளவில் பின்னிவிடுவார்கள்.