எல்லையோரத் தொழில் – 14: சிவப்பாக வந்தால் யார் படிப்பது?

சென்ற வாரம் கேஜ் பற்றிப் பேசினோம். ஓசூர் சிப்காட் மெஷின் ஷாப்புகளின் மேசைமேல் கிடக்கும் ‘கோ, நோ-கோ’ இரும்புத் துண்டு. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அதோடு தீர்ப்பு முடிந்தது. மாதக் கடைசி என்பதற்காக அது தளர்ந்து கொடுக்காது.

1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டுக்கு இந்த மாதிரிச் சோதனைகள் போதும். அதற்குள் ஒரு வரி நிரல்கூடக் கிடையாது. 2020 ஜனவரியில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஐக்யூப் மின் ஸ்கூட்டருக்கு அவை போதாது. 2021 முதல் ஓசூரில் தயாராகும் ஏத்தருக்கும், அதே ஆண்டு டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்குப் போகத் தொடங்கிய போச்சம்பள்ளி ஓலாவுக்கும் அப்படித்தான். பேட்டரியைக் காப்பதும், மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடலாம் என்று முடிவெடுப்பதும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் காட்டுவதும் மென்பொருள். ஆலை கேட்டைத் தாண்டிய பிறகும் அது மாறிக்கொண்டே இருக்கும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே புதிய பதிப்பு இறங்கிவிடுகிறது.

திரையில் ஒரு எண்ணை மட்டும் திருத்தினோம் என்று நிரலாளர் சொல்வார். மனமறிந்து பொய் சொல்லவும் மாட்டார். ஆனால் சைடு ஸ்டாண்ட் கீழே இருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் மோட்டார் சுழலக் கூடாது என்ற பழைய விதி அந்தத் திருத்தத்தில் அடிபடவில்லை என்று யார் உறுதி சொல்வது? எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஐந்நூறு சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 25 மணி நேரம். மூன்று ஷிப்டும் போதாது. இந்த வேலையைத்தான் பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கொடுக்கிறார்கள்.

சோதனைக்கு முழு ஸ்கூட்டர் வேண்டியதில்லை. மேசைமேல் கன்ட்ரோலர் பெட்டி மட்டும் நிஜம். பேட்டரி, பிரேக், ஸ்டாண்ட் எல்லாம் இருப்பதுபோல் ஒரு கணினி நடிக்கும். வண்டிக்குள் இந்த மாதிரிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ‘கேன்’ எனப்படும் இரட்டைக் கம்பி வழியாக. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. அதன் அடிப்படை வடிவத்தில் ஒரு செய்திக்கு அதிகபட்சம் எட்டு பைட். ‘பைத்தான்-கேன்’ என்ற இலவச நூலகம் அந்தக் கம்பியில் செய்தி அனுப்பும், வருவதை வாங்கும். ‘கேன்டூல்ஸ்’ அந்த எட்டு பைட்டை வேகம், வெப்பம் என்று பிரித்துச் சொல்லும். “ஸ்டாண்ட் கீழே, ஆக்சிலேட்டர் பாதி” என்று அனுப்பிவிட்டு, மோட்டாரின் முறுக்குவிசை சுழியாக இருக்கிறதா என்று பார்த்தால் அது ஒரு சோதனை.

மனிதன் செய்யத் தயங்குவதையும் இப்படிச் செய்யலாம். பேட்டரி 70 டிகிரிக்குப் போய்விட்டது என்று சென்சாரின் பெயரில் பொய் சொல்லி, காப்பு மென்பொருள் மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று பார்க்கலாம். எதுவும் சூடாகாது. 2022இல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. நிஜ பேட்டரியைப் பரிசோதனைக் கூடத்தில் வாட்டியெடுக்கும் சோதனைகள் அதில் உண்டு. அங்கே போவதற்கு முன் மேசைமேல் நூறு முறை ஒத்திகை பார்க்கக் காசு செலவாகாது.

சோதனையை ஓட்டுவது இன்று பெரிய வித்தை அல்ல. ‘பைடெஸ்ட்’ என்ற பைத்தான் கருவி இருக்கிறது, எதிர்பார்த்த எண் இது, வந்த எண் இது என்று இரண்டையும் எடுத்துக் காட்டும். நோக்கியாவில் வளர்ந்து 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ‘ரோபோ ஃப்ரேம்வொர்க்’ இருக்கிறது. அதில் நிரல் தெரியாதவரும் படிக்கிற மாதிரி வாக்கியங்களாகச் சோதனையை அடுக்கலாம். முடிந்ததும் அது ஓர் அறிக்கைப் பக்கம் தரும்: எல்லாம் தேறினால் பின்னணி பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு.

சிக்கல் இந்த நிறத்தில்தான் தொடங்குகிறது. மேலாளர்களுக்குச் சதவீதம் பிடிக்கும். “98 சதவீதம் பாஸ்” என்று மீட்டிங்கில் சொன்னால் தலைகள் ஆடும். மீதி இரண்டு சதவீதத்தில் சைடு ஸ்டாண்ட் சோதனையும் இருந்தால் அந்த 98க்கு என்ன மதிப்பு? இன்னொரு வழியும் உண்டு. பைடெஸ்ட்டில் ஒரு சோதனையைத் ‘தவிர்’ என்றோ, ‘இது தோற்கும் என்று தெரியும்’ என்றோ குறித்து வைக்கலாம். நியாயமான வசதிதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் நீண்டிருக்கும், அறிக்கை மட்டும் சிவக்காமல் இருக்கும். அறிக்கை என் கைக்கு வந்தால் நான் முதலில் படிப்பது இந்தப் பட்டியலைத்தான்.

இன்று தோற்று நாளை தேறும் சோதனைகள் இன்னொரு தலைவலி. தோற்றதைத் தானாக மறுபடி ஓட்ட ஒரு செருகுநிரல் இருக்கிறது. கனெக்டர் லூசாக இருந்திருக்கலாம். செய்தி சில மில்லிநொடி தாமதமாக வந்த நிஜக் கோளாறாகவும் இருக்கலாம். தேறும்வரை ஓட்டுவது, ரிஜெக்ட் ஆன ஷாஃப்டைப் பொருந்தும்வரை திருப்பித் திருப்பி அளப்பதற்குச் சமம். மெஷின் ஷாப்பில் அப்படிச் செய்தால் ஃபோர்மேன் விடமாட்டார். இங்கே அது ஒரு வசதியாகவே விற்பனையாகிறது.

ஓசூரில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. ஏத்தர், ஓலா இரண்டின் தலைமையகமும் பெங்களூரு. வண்டி உருவாவது இந்தப் பக்கம். நிரல் எழுதுகிறவரும் வண்டியைத் தொடுகிறவரும் மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இரு புறமும் இருக்கிற ஊர் இது. இப்படிப் பிரிந்து வேலை செய்கிற இடத்தில் அறிக்கை மட்டும்தான் இருவருக்கும் பொது. அதில் “4 சுழிக்குச் சமமல்ல” என்று மட்டும் இருந்தால் எழுதியவருக்குப் புரியும், காலை ஷிப்டில் பிரிண்டைக் கையில் வைத்திருப்பவருக்குப் புரியாது. “ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது மோட்டார் 4 நியூட்டன்-மீட்டர் தள்ளியது, மென்பொருள் பதிப்பு இது, கன்ட்ரோலர் பலகை இது, பெஞ்ச் எண் இது, அதற்கு முந்தைய பத்து நொடிக் கேன் பதிவு இங்கே” என்று இருந்தால் உடனே கை வைக்கலாம். பைடெஸ்ட்டில் இதற்காகும் செலவு, ஒப்பிடும் வரியின் முடிவில் ஒரு காற்புள்ளியும் ஒரு வாக்கியமும். சோதனை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த வாக்கியத்தைத் தமிழிலும் எழுதலாம். பைத்தான் 3 தமிழ் எழுத்தைப் பார்த்து முரண்டு பிடிக்காது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஓசூர் லைனில் எந்த மொழியில் எழுதுவது என்பது தனிப் பஞ்சாயத்து. அதற்கு இன்னும் யாரும் நூலகம் எழுதவில்லை.