ஒரு பிடி கீரை, ஒரு சிட்டிகை இரும்பு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் உடலியலையே புரட்டிப்போட்டார். சாப்பாட்டிலிருந்து ஈரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியிருந்தது. இதயம் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவைப் பார்த்தால், அவ்வளவையும் எந்தச் சாப்பாட்டாலும் உண்டாக்க முடியாது. ஆகவே ஒரே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்று 1628-இல் ஹார்வி எழுதினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்கள் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், மால்பிகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அவற்றைக் கண்டார்.

ரத்தம் சுற்றுவதன் முதல் காரணம் மூச்சு. இழுக்கும் காற்று, நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்றறைகளை நிரப்புகிறது. அவற்றின் மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜன் ரத்தத்துக்குள் நுழைகிறது. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் அது அதிகம் கரையாது. 100 மில்லியில் 0.3 மில்லிதான் கரையும். சுமையைத் தாங்குவது சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு; ஓர் இரும்பணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் 100 மில்லி ரத்தம் 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும்.

ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கிவிட்டால்? சுமை பாதியாகிவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படபடக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பார்த்தால் அப்போதும் 98 என்று காட்டலாம். இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அது அளப்பதில்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் சோகையின் அளவு தெரியாது.

சோகை எல்லாம் ஒரே சோகை அல்ல என்பதற்கு 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் ஆய்வு நல்ல சான்று. அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கடுமையான சோகை தாக்கியது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுக்கும். இந்தப் பெண்களின் ரத்தத்திலோ அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. கிருமி ஏதும் காரணமாகத் தெரியவில்லை. வில்ஸின் கவனம் அவர்களுடைய சாப்பாட்டின் பக்கம் திரும்பியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) அவருடைய பணி தொடர்ந்தது.

எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்த பிறகு அவருக்குக் கிடைத்த மருந்து மார்மைட். ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான பண்டம் அது. அதைக் கொடுத்ததும் கர்ப்பிணிகள் தேறினார்கள். 1931-இல் ஆய்வு முடிவு வெளியானது. மார்மைட்டில் வேலை செய்தது எந்தச் சத்து என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்துப் பசலை வகைக் கீரை ஒன்றிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ஃபோலிக் அமிலமே அந்தச் சத்து என்று பின்னர் தெளிவானது. செல்கள் பிரிந்து புதியவை உருவாக அது வேண்டும். கீரையிலும் பயறுகளிலும் அது தாராளமாக இருக்கிறது. ஆனால் கீரையை வெகுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பெரும்பங்கு அதோடு போய்விடும்.

என்றாலும் இன்று பரவலாக இருப்பது இரும்புக் குறைவால் வரும் சோகைதான். உடம்பில் உள்ள மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு சிவப்பணு வாழ்வது 120 நாள். அது அழிந்ததும் மண்ணீரலும் ஈரலும் அதன் இரும்பைப் பிரித்தெடுத்துப் புதிய அணுக்களுக்காக எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிவிடுகின்றன. இந்தச் சிக்கனத்தால் குடல் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உறிஞ்சினாலே போதும். ஆனால் ரத்தம் வெளியே போனால் இரும்பும் கூடவே போகும். மாதவிடாய், பிரசவம், கொக்கிப்புழு மூன்றும் இந்தச் சேமிப்பைக் கரைக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்குச் சோகை இருந்தது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனாலும் தாவர உணவில் உள்ள இரும்பைக் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பு எளிதில் சேரும். கீரை சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் அவற்றின் வைட்டமின் சி உறிஞ்சலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காப்பியும் அதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம், ஆண்களுக்கு 13 கிராம்: இதற்குக் கீழே ஹீமோகுளோபின் இறங்கினால் சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மலம் கறுக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பால்தான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. புரட்டல் இருந்தால் மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்; நிறுத்திவிடாதீர்கள்.