நாணயமும் நாள் தவறாமையும்

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாமை. “அவர் நாணயமானவர்” என்று ஊரார் ஒருவரைச் சொன்னால், மளிகைக் கடைக்காரர் மறுபேச்சின்றிப் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார். முதல் தேதி வந்ததும் கணக்குத் தீர்க்கப்படும். கடைக்காரரின் நினைவில் இருந்த அந்த நற்பெயர், இன்று மூன்று இலக்க எண்ணாகக் கணிப்பொறியில் பதிந்திருக்கிறது. கடன் அட்டைக்குக் கெடு தவறிப் பணம் கட்டினால் அந்த எண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம். “பள்ளியில் படிக்கும் நமக்கு இது எதற்கு?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். நமது கல்லூரிக் கனவோடும் இந்த எண்ணுக்குத் தொடர்பு உண்டு.

அட்டையும் எண்ணும் வந்த வரலாறு

1950-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தோன்றிய ‘டைனர்ஸ் கிளப்’ அட்டை, உணவு விடுதிகளில் பின்னர் பணம் செலுத்தும் வசதியை அளித்தது. இந்திய வங்கிகளுள் முதலில் கடன் அட்டை வெளியிட்டது சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா, ஆண்டு 1980.

கடன் கேட்பவரின் நம்பகத்தைக் கணிதத்தால் அளக்க முயன்றவர்கள், 1956-இல் அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கிய பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித அறிஞரும் ஆவர். நம் நாட்டில் ‘சிபில்’ நிறுவனம் 2000-இல் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிவிடுகிறோம்.

மதிப்பெண் எவ்வாறு அமைகிறது?

சிபில் மதிப்பெண் 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேலிருந்தால் வங்கிகள் பொதுவாக நல்லதெனக் கொள்கின்றன. வாங்கிய கடனைக் கெடு தவறாமல் கட்டினோமா, அட்டையின் வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறோம், எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறோம், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டோம் ஆகியவை இதில் கணக்கிடப்படுகின்றன. முதலிடம் பெறுவது கெடு தவறாமையே.

ஒருவருடைய சேமிப்பும் வைப்புத்தொகையும் இதில் சேர்வதில்லை. வங்கியில் பல லட்சம் வைத்திருப்பவரும் அட்டைப் பணத்தைக் கட்ட மறந்தால் மதிப்பெண் இழப்பார். சிறு சம்பளக்காரர் நாள் தவறாமல் கட்டினால் உயர்ந்த மதிப்பெண் பெறுவார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

ஒருவர் தம் மனைவியின் மருத்துவச் செலவுக்காகக் கடன் அட்டையில் 20,000 ரூபாய் செலவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி ஜூன் 5. கெடு ஜூன் 23. பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். ஒன்று முழுத் தொகை ரூ.20,000. மற்றொன்று ‘குறைந்தபட்சத் தொகை’, அது ரூ.1,000 எனக் கொள்வோம்.

முழுவதும் கட்டினால் வட்டி ஒரு காசும் இல்லை. ரூ.1,000 மட்டும் கட்டினால், அவர் தவணை தவறியவர் ஆகமாட்டார், பெயர் காப்பாற்றப்படும். ஆனால் மிச்சம் ரூ.19,000-க்கு வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி ரூ.665. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி ஏறக்குறைய ரூ.120. ஆக, கட்டிய ஆயிரத்தில் ரூ.785 வட்டிக்கும் வரிக்கும் ஈடாகிறது. கடன் குறைந்ததோ வெறும் ரூ.215! வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடுவதால் உண்மையில் சுமை இதைவிடவும் கூடும். மேலும், முழுப் பாக்கியும் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. குறைந்தபட்சத் தொகை பெயரைக் காக்கும், பணப்பையைக் காக்காது.

அந்த ஆயிரத்தையும் கட்ட மறந்தால்?

2022-இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதியின்படி, கெடு முடிந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கலாம். தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம். ஆகவே நம் கணக்கில் வரும் குடும்பத் தலைவர் ஜூன் 26-க்குள் கட்டிவிட்டால் பெயர் கெடாது. ஆனால் மூன்று நாளைத் தாண்டினால், தாமத நாட்கள் ஜூன் 23-இலிருந்தே எண்ணப்படும். ஜூன் 30-இல் வங்கி கணக்கு அனுப்பினால், அம்மாதக் கட்டத்தில் ‘7’ என்று பதியும். ஒழுங்காகக் கட்டியவருக்கு அந்த இடத்தில் சுழியங்களே இருக்கும்.

முன்பு வங்கிகள் மாதம் ஒருமுறை இவ்விவரங்களை அனுப்பின. 2025 ஜனவரி முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையேனும் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியது. தவறும் விரைவில் பதியும், திருத்திக்கொண்டதும் விரைவில் பதியும்.

தாமதம் நீள நீளப் பாதிப்பு மிகும். ஒரு வாரத் தாமதத்தை அடுத்துவரும் மாதங்களின் ஒழுங்கு மெல்ல ஆற்றிவிடும். 90 நாட்கள் கடந்தால் அது வாராக் கடன் வகையில் சேர்ந்துவிடுகிறது. பின்னர் பேரம் பேசிப் பாதித் தொகையில் கணக்கை முடித்தாலும், ‘முழுவதும் தீர்ந்தது’ என்று எழுதாமல் ‘சமரசம்’ என்ற பொருளில் குறிப்பார்கள். இத்தகவல்கள் குறைந்தது 7 ஆண்டுகள் காத்துவைக்கப்படுகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மளிகைக் கடைக்காரர், “வீட்டில் உடல்நலமில்லை, பத்து நாள் பொறுங்கள்” என்றால் இரக்கப்படுவார். கணிப்பொறி காரணம் கேட்பதில்லை. நாட்களை மட்டும் எண்ணுகிறது. இயலாமையும் மறதியும் அதற்கு ஒன்றே.

நமக்கும் இதற்கும் என்ன?

மேல்படிப்புக்குக் கல்விக்கடன் கேட்கும்போது வங்கிகள் பெரும்பாலும் பெற்றோரை இணைக் கடனாளியாகச் சேர்த்து, அவர்களது மதிப்பெண்ணையும் பார்க்கின்றன. தந்தை என்றோ கவனியாமல் விட்ட அட்டைப் பாக்கி, மகளின் சேர்க்கைக் கடிதத்துக்குக் குறுக்கே வந்து நிற்கக்கூடும். மதிப்பெண் குறைவு என்பதைக் காட்டிக் கல்விக்கடனை மறுத்தல் ஆகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு மாணவரின் வழக்கில் கூறியது ஆறுதலான செய்தி. ஆயினும், கல்லூரிக் கட்டணம் கட்டும் வாரத்தில் நீதிமன்றப் படி ஏறுவது எல்லாக் குடும்பத்துக்கும் இயலுமா?

இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இராது. அது குற்றமன்று. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை கேட்பவரை நிராகரிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவுறுத்தியுள்ளது.

செய்யத்தக்கவை

1. கெடு நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே பணம் செலுத்துங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டும் ஏற்பாட்டையும் செய்யலாம்.

2. முழுத் தொகை இயலாவிடில் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டுங்கள். மிச்சத்தை விரைவில் அடையுங்கள்; அதுவரை அட்டையை அலமாரியில் பூட்டுங்கள்.

3. தாயார் கையிலுள்ள கூடுதல் அட்டையின் செலவுக்கும் முதன்மை அட்டைக்காரரே பொறுப்பு. வீட்டில் இருவரும் பேசிச் செலவிடுக.

4. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டது. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

5. அறிக்கையில் பிழை இருந்தால் புகார் செய்க. 30 நாட்களுக்குள் தீர்க்காவிடில், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு பெற வழியுண்டு.

தோழியரே! பதினெட்டு வயது நிரம்பி வேலைக்குச் சென்றதும், நம் பெயரிலும் ஒரு கடன் அட்டை வரக்கூடும். அட்டையில் இருப்பது நம் பணமன்று. நாளை திருப்பித் தருவோம் என்று நாம் கொடுக்கும் வாக்கு. வீட்டுப் பாடத்தைக் குறித்த நாளில் ஒப்படைப்பதும், நூலகப் புத்தகத்தைத் தேதி தவறாமல் திருப்பித் தருவதும் அதே வாக்கின் சிறு வடிவங்களே. இன்றே அப்பழக்கத்தைக் கைக்கொள்வோம். பெற்றோரும் இன்று மாலை தம் பில்லில் உள்ள கெடு நாளை ஒருமுறை பார்த்துவிடுவார்களாக!