விழுந்தவருக்காகக் காத்திருக்கும் இசை

சர்க்கஸ் என்றதும் பலரது காதில் ஒலிக்கும் அந்தத் துள்ளல் மெட்டை 1897 இல் எழுதியவர் ஜூலியஸ் ஃபூசிக் என்ற செக் நாட்டவர். அவர் எழுதியதோ இராணுவ அணிநடைக்கு! சர்க்கஸ்காரர்கள் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டார்கள்.

சர்க்கஸுக்கென்றே இசையமைத்தவர்களுள் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ரெனே டுபெரே குறிப்பிடத்தக்கவர். 1946 இல் பிறந்த இவர், முன்னர் தெருக்களில் வாசிக்கும் வாத்தியக் குழுவொன்றில் இருந்தவர். 1984 இல் தொடங்கிய ‘சேர்க் டு சொலேய்’ சர்க்கஸில் யானையும் இல்லை, சிங்கமும் இல்லை. மனித உடல் மட்டுமே. ஆகவே காட்சிக்கு உணர்வூட்டும் பொறுப்பில் பெரும்பங்கு இசைமேல் விழுந்தது. ‘சல்டிம்பாங்கோ’ (1992), ‘மிஸ்தேர்’ (1993), ‘அலெக்ரியா’ (1994) ஆகியவற்றுக்கு அவரே இசையமைத்தார். சில பாடல்களில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத புனைவுச் சொற்களே வருகின்றன.

என்னை அதிகம் வியக்கவைத்தது வேறொன்று. அங்கே இசைக்குழு நேரடியாகவே வாசிக்கிறது. ஊஞ்சலில் நிற்பவர் தாவத் தயங்கினால், குழுத்தலைவரின் சைகைப்படி அதே தாளச் சுற்று திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவர் தாவும் கணத்தில்தான் இசை உச்சத்தைத் தொடவேண்டும். பிடி தவறி வலையில் விழுந்து மீண்டும் ஏறினாலும் அது காத்திருக்கும். இதனால் எந்த இடத்திலும் நீட்டவும் வெட்டவும் கூடியதாகவே மெட்டை அமைக்கவேண்டியிருக்கிறது. இறுவட்டில் ‘அலெக்ரியா’வுக்கு ஒரே நீளம்தான். கூடாரத்திலோ அதை ஒவ்வோர் இரவும் தீர்மானிப்பவர், மேலே ஊஞ்சலில் நிற்பவர்.